பல்பு மங்கினால் நல்லது

2012-இல் கோயம்புத்தூரில் இன்வெர்ட்டர் பழுது பார்த்தவர்களுக்கு ஓய்வே கிடையாது. ஒரு மணி நேரம் கரண்ட் இருந்தால் அடுத்த மணி நேரம் இருக்காது என்றே பல நாட்கள் ஓடின. வீட்டு இன்வெர்ட்டர்கள் விடாமல் ஓடிச் சூடேறி, உள்ளே ஸ்விட்சாக வேலை செய்யும் மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர்கள் வெடித்து, சர்வீஸ் மேசையில் வந்து குவிந்தன. நான் அந்த மேசையில்தான் உட்கார்ந்திருந்தேன். கருகிய போர்டைக் கழற்றுவது, செத்த மாஸ்ஃபெட்டைப் பிடுங்குவது, புதிதைப் போடுவது, சீரீஸ் பல்பில் போட்டுப் பார்ப்பது. பகல் இப்படிப் போகும். இரவில் வீட்டு மாடியறையிலும் மாஸ்ஃபெட்டோடுதான் இருந்தேன். அது எனக்கென்று நானே எடுத்துக்கொண்ட வேலை. சொந்தக் கையால் ஒரு டெஸ்லா காயில் கட்டிவிட வேண்டும் என்று ஆசை.

நிகோலா டெஸ்லா இந்தக் காயிலுக்குக் காப்புரிமை வாங்கியது 1891-இல். அன்றைக்கு டிரான்சிஸ்டர் கிடையாது. ஒரு கண்டென்சரில் உயர் அழுத்த மின்சாரத்தை நிரப்புவார்கள். நிரம்பியதும் இரண்டு உலோகக் குமிழ்களுக்கு நடுவே பொறி பறக்கும். அந்தப் பொறியே ஸ்விட்சாக வேலை செய்து, கண்டென்சரில் இருப்பதைப் பிரைமரி சுருளுக்குள் கொட்டும். காதைப் பிளக்கும் சத்தம், கண் கூசும் வெளிச்சம், அறை முழுக்க ஓசோன் நெடி. அந்தப் பொறி ஸ்விட்சை எடுத்துவிட்டு அதனிடத்தில் மாஸ்ஃபெட்டுகளை வைத்தால் அது சாலிட் ஸ்டேட் டெஸ்லா காயில்.

தத்துவத்தில் இது என் பகல் வேலையிலிருந்து வேறல்ல. டிசியை எடுத்து ஏசியாக வெட்டிக் கொடுப்பதுதானே இன்வெர்ட்டர்? வீட்டு இன்வெர்ட்டர் நொடிக்கு 50 அலை வெட்டுகிறது. நான் கட்ட நினைத்த காயில் நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் அலை கேட்டது. ஓர் அலைக்கு 5 மைக்ரோ நொடி. அதில் மாறி மாறி வேலை செய்யும் இரண்டு மாஸ்ஃபெட்டில் ஒன்றுக்குக் கிடைப்பது இரண்டரை மைக்ரோ நொடி. எனக்கு வந்த தொல்லைகளில் பாதி இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து வந்தவை.

பிரைமரிக்கு நடுவே உயரமாக நிற்கும் செகண்டரி காயிலுக்கென்று ஒரு சொந்த அதிர்வெண் உண்டு. தூளி ஆட்டுகிறவர் அது தன் பக்கம் வந்து திரும்பும் நேரம் பார்த்து லேசாகத் தள்ளினால் போதும், வீச்சு ஏறிக்கொண்டே போகும். நேரம் தப்பித் தள்ளினால் ஆட்டம் அடங்கிவிடும். இங்கேயும் பிரைமரி கொடுக்கிற ஒவ்வொரு தள்ளும் செகண்டரியின் ஆட்டத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போனால், 230 வோல்ட் லைனிலிருந்து எடுத்த மின்சாரம் காயிலின் உச்சியில் லட்சம் வோல்ட் அளவுக்கு எழும்பும்.

செகண்டரியைச் சுற்றக் கரண்ட் தேவையில்லை என்பது அந்த வருஷத்தில் பெரிய வசதி. அதனால் அதிலிருந்தே தொடங்கினேன். ஜி.டி.நாயுடு காலம் தொட்டே எங்களுடையது மோட்டார் செய்கிற ஊர். தெருவுக்கொரு காயில் கட்டும் கடை இருக்கும். எங்கள் தெருமுனைக் கடை அண்ணன் எனாமல் கம்பியை எடைபோட்டுக் கொடுப்பார். 30 கேஜ் கம்பி கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வேண்டும் என்றதும் நிமிர்ந்து பார்த்தார்.

“எந்த மோட்டாருக்குங்க தம்பி?”

“மோட்டாருக்கு இல்லீங்கண்ணா. நாலு இஞ்ச் பிவிசி பைப்பு மேல ஒத்தை அடுக்கா சுத்தோணும்.”

“எத்தனை சுத்து?”

“ஆயிரத்து நூறுக்கு மேல வருமுங்க.”

அவர் அதற்கப்புறம் எதுவும் கேட்கவில்லை. பைப்பை வாங்கி உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். அதில் அச்சடித்திருந்த எழுத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தெடுக்கச் சொன்னார். பைப்பின் இரண்டு வாய்க்கும் மரக்கட்டை செதுக்கி அடைத்து, நடுவில் கம்பி செருகி, அவருடைய கைச்சுற்று மெஷினில் ஏற்றிக் கொடுத்தார். கரண்ட் போன வேளைகளில் கடையில் அவருக்கும் வேலை ஓடாது. அந்த நேரங்களில் ஒரு கையால் கைப்பிடியைச் சுழற்றி, மறு கையின் இரண்டு விரலுக்கு நடுவே கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஒரு சுற்றுக்கு அடுத்த சுற்று ஒட்டி உட்காரும்படி சுற்றினேன். விரலிடுக்கில் கம்பி சூடாக ஓடும். இழுப்பு தளர்ந்தால் சுற்று நெகிழும், கூடினால் இந்தக் கம்பி அறுந்தே போகும். எங்காவது ஒரு சுற்று இன்னொன்றின் மேல் ஏறிவிட்டால் அண்ணனுக்கு எப்படியோ தெரிந்துவிடும். “பிரிங்க தம்பி, மேல ஏறுன எடத்துலதான் ஓட்டை விழும்” என்பார். உயர் அழுத்தக் காயிலைப் பற்றி அவர் எதுவும் படித்ததில்லை. ஆனால் அவர் சொன்னதுதான் இதில் முதல் விதி. தள்ளித் தள்ளி இருக்க வேண்டிய இரண்டு சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று வந்தால் அவற்றுக்கிடையே வோல்டேஜ் வித்தியாசம் கூடி, எனாமல் துளைபட்டுப் போகும்.

மோட்டார் காயிலென்றால் வார்னிஷில் முக்கி அடுப்பில் வைத்து உலர்த்துவார்கள். பிவிசி சூட்டில் இளகிவிடும் என்பதால் மெல்லிய பூச்சாகப் பூசி, மாடியில் வெயில் நேரே படாத காற்றில் உலரவிட்டு, மறுபடி பூசினோம். 40 சென்டிமீட்டர் உயரத்துக்குச் சுற்றி முடித்தபோது அதில் ஏறியிருந்த கம்பி ஏறக்குறைய 400 மீட்டர். ஹெரால்ட் வீலர் 1928-இல் கொடுத்த எளிய சூத்திரத்தில் போட்டால் 34 மில்லிஹென்றிக்குச் சற்று மேலே வந்தது. எக்ஸாஸ்ட்டுக்கு மாட்டும் அலுமினிய மடிப்புக் குழாயை வளையமாக வளைத்து உச்சியில் வைத்தேன். இதை டோராய்டு என்பார்கள். அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அதிர்வெண் 200 கிலோஹெர்ட்ஸை ஒட்டி நின்றது. சிக்னல் ஜெனரேட்டரை வைத்துப் பார்த்தபோதும் அங்கேதான் உச்சம் காட்டியது. 84 வருஷத்துக்கு முன்னால் ரேடியோ காயிலுக்காக எழுதிய ஒரு வரிச் சூத்திரம் பிவிசி பைப்புக்கும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறதே என்று அன்று ரொம்ப நேரம் சிஆர்ஓ என்னும் அலைகாட்டியின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி மாஸ்ஃபெட் பக்கம். ஐஆர்எஃப்பி460 இரண்டைச் சேர்த்து ஒரு ஹாஃப் பிரிட்ஜ். அவற்றின் கேட்டைத் தட்டி எழுப்ப யூசிசி37321, 37322 என்று இரண்டு டிரைவர் ஐசி. ஒன்று தலைகீழாக்கிக் கொடுக்கும், மற்றது அப்படியே கொடுக்கும். இரண்டுக்கும் நடுவே கேட் டிரான்ஸ்ஃபார்மர். காயில் தொடர்ந்து ஓடினால் எல்லாம் வெந்துவிடும் என்பதால், நொடிக்கு நூறு முறை போலச் சின்னச் சின்னத் துணுக்குகளாக ஓட வைக்க ஒரு 555 ஐசி.

கேட் டிரான்ஸ்ஃபார்மருக்கு வளையம் தேடினால் சர்வீஸ் கடைகளில் முதலில் கைக்கு அகப்படுவது, பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளையிலிருந்து எடுத்த மஞ்சள் வெள்ளை வளையம். அதில் சுற்றி ஓட்டினால் டிரைவர் ஐசி தொட முடியாமல் கொதிக்கிறது. சிஆர்ஓவில் பார்த்தால் சதுரமாக இருக்க வேண்டிய அலையின் தலை சரிந்து கிடக்கிறது. அந்த மஞ்சள் வளையம் இரும்புத் தூளை அழுத்திச் செய்தது. டிசி ஓடும் சோக்குக்கு அது அருமையான பொருள். கேட் டிரான்ஸ்ஃபார்மருக்கு வேண்டிய காந்த ஊடுதிறன் அதில் கிடையாது, 200 கிலோஹெர்ட்ஸில் அதுவே சூடாகவும் செய்யும். பச்சை நிற ஃபெரைட் வளையம் ஒன்றில் நெட்வொர்க் கேபிளின் முறுக்கிய கம்பிகளையே எடுத்துச் சுற்றியதும் அலை நிமிர்ந்து நின்றது. ஐசி குளிர்ந்துபோனது. கேட்டுக்கு முன்னால் ஒரு சின்ன ரெசிஸ்டர், அதன் குறுக்கே ஒரு ஷாட்கி டையோடு. மாஸ்ஃபெட் மெதுவாக விழித்து வேகமாக அணைய இது வழி செய்யும். இரண்டும் ஒரே நொடியில் விழித்திருந்தால் டிசி முழுக்க அவற்றின் வழியே பாய்ந்துவிடும்.

சீரீஸ் பல்பைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டிவி, மோட்டார், மிக்ஸி எது பார்க்கிற கடையானாலும் சுவரில் ஒரு பலகை மாட்டியிருக்கும். ஒரு குண்டு பல்பு, ஒரு சாக்கெட். பழுதான பொருளை அந்தச் சாக்கெட்டில் செருகினால் கரண்ட் பல்பு வழியாகத்தான் போகும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரியும், பொருளுக்குச் சேதமில்லை. ஷார்ட் இல்லையென்றால் கண்டென்சர் நிரம்பும் வரை ஒரு முறை பளிச்சிட்டு மங்கிவிடும். என் முதலாளி கற்றுத்தந்த முதல் பாடமே இதுதான். பல்பு மங்கினால் நல்லது, எரிந்தால் கையை எடு. விலையுயர்ந்த மின்சப்ளைகளில் கரண்ட் லிமிட் என்று ஒரு வசதி வைத்திருப்பார்கள். அதே வேலையைச் சொற்பச் செலவில் செய்கிறது இந்தப் பல்பு.

காயிலை நான் ஒருநாளும் லைனில் நேராகச் செருகவில்லை. காயில் கட்டும் அண்ணன் சுற்றிக்கொடுத்த ஒன்றுக்கு ஒன்று ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர், அதற்குப் பின் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர்ஸ்டாட், அதற்குப் பின் 200 வாட் பல்பு, அப்புறம்தான் காயில். ஐசொலேஷன் இல்லாமல் சிஆர்ஓவின் கிரவுண்ட் கிளிப்பைப் பிரிட்ஜில் மாட்டினால் லைனும் எர்த்தும் அந்தக் கிளிப் வழியாகவே சேர்ந்துவிடும். அப்படிப் போன சிஆர்ஓக்களைச் சர்வீஸில் பார்த்திருக்கிறேன்.

டிம்மர்ஸ்டாட்டை 30 வோல்ட்டில் வைத்து முதலில் ஓட்டியபோது ஒன்றுமே நடக்கவில்லை. பல்பு மங்கல், கேட்டில் அலை சரி, காயிலில் உயிரில்லை. செகண்டரியின் ஆட்டத்தைச் சின்ன ஆன்டெனா ஒன்று மோப்பம் பிடித்து 74ஹெச்சி14 ஐசிக்குக் கொடுக்க வேண்டும், அது டிரைவருக்குச் சொல்ல வேண்டும், டிரைவர் மறுபடி தள்ள வேண்டும். இந்தச் சுற்றில் எங்கோ ஒரு தலைகீழ். ஆட்டம் ஒரு பக்கம் வரும்போது எதிர்ப் பக்கம் தள்ளிக்கொண்டிருக்கிறது. பிரைமரியின் இரண்டு முனையையும் மாற்றிப் போட்டால் தீர்ந்துவிடும். இது எல்லோருக்கும் நடப்பது, கட்டும்போது எந்த முனை எது என்று முன்கூட்டிச் சொல்வது கடினம்.

முனையை மாற்றிய பிறகும் பொறி எதுவும் தெரியவில்லை. ஆனால் கீழே கூடத்திலிருந்து தாத்தா குரல் கொடுத்தார். அவரை நாங்கள் அப்பாரு என்போம்.

“ஏஞ்சாமி, மேல என்னத்தப் போட்டிருக்கற? ரேடியோ கரகரங்குது!”

அவர் கேட்டுக்கொண்டிருந்தது கோவை வானொலி. மத்திய அலையில் 999 கிலோஹெர்ட்ஸ். என் காயில் 200. சதுர அலையில் அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் மூன்று மடங்கும் ஐந்து மடங்கும் ஏழு மடங்கும் சேர்ந்தே இருக்கும். ஐந்து மடங்கு 1000. அது போய் அப்பாருவின் நிலையத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாத 30 வோல்ட்டில் காயில் ஆட ஆரம்பித்துவிட்டது என்று முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான்.

அன்றிலிருந்து பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோ ஒன்று என் மேசையில் நிரந்தரக் கருவியாகிவிட்டது. காயில் ஆடாமல் டிரைவர் மட்டும் தட்டினால் ரேடியோவில் மெல்லிய டிக் டிக். ஆட்டம் பிடித்தால் அடர்த்தியான கரகரப்பு. மரக்குச்சியின் முனையில் தகரத் துண்டைக் கட்டி டோராய்டுக்குப் பக்கத்தில் நீட்டினால் கெப்பாசிட்டன்ஸ் கூடி, அதிர்வெண் இறங்கி, இரைச்சல் 999-ஐ விட்டு நகர்ந்து போகும். காயில் தன் சுருதியைத் தானே பின்தொடர்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. மற்றவர்களின் ஒலிபரப்பைக் கெடுக்கும் உரிமை நமக்கில்லை என்பதால், அதற்கப்புறம் அப்பாருவின் நிகழ்ச்சி முடிந்த பின்பே சுவிட்சைப் போட்டேன், போட்டாலும் சில நொடிகளுக்கு மேல் ஓட்டியதில்லை.

60 வோல்ட்டில் டோராய்டின் மேல் செருகிய ஊசி முனையில் ஊதா நிறத்தில் ஒரு துளி வெளிச்சம். மெல்ல ஏற்றினேன். 150-ஐத் தாண்டும்போது டப் என்று ஒரு சத்தம், பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தது. இரண்டு மாஸ்ஃபெட்டும் ஷார்ட். கேட் டிரான்ஸ்ஃபார்மர் நடுவில் இருந்ததால் டிரைவர்கள் தப்பின, பல்பு இருந்ததால் போர்டின் செம்புத் தடங்கள் தப்பின. புதிதாக இரண்டு போட்டேன். அதே இடம், அதே டப்.

இப்படிப்பட்ட நேரத்தில் கை பரபரக்கும். ரெசிஸ்டரை மாற்றலாமா, பிரைமரியில் சுற்றுக் கூட்டலாமா என்று நாலைந்தை ஒரே மூச்சில் மாற்றத் தோன்றும். சர்வீஸ் மேசை அந்தப் பழக்கத்தை எனக்கு முறித்திருந்தது. அலை சரியா? சரி. இரண்டும் ஒரே நேரத்தில் விழிக்கின்றனவா? இல்லை, நடுவே இடைவெளி தெளிவாகத் தெரிகிறது. டிரெயினில் வோல்டேஜ் முள் ஏதாவது குத்துகிறதா? 100 வோல்ட் வரை பார்த்ததில் இல்லை. அப்படியானால் சர்க்யூட் சொல்வதை மாஸ்ஃபெட் கேட்கவில்லை. சந்தேகம் மாஸ்ஃபெட் மேலேயே திரும்பியது.

அவை வெளியூர்க் கடை ஒன்றிலிருந்து தபாலில் வந்தவை. அதே எண்ணுள்ள, உயிரோடிருந்த ஒன்று பழைய வெல்டிங் இன்வெர்ட்டரிலிருந்து கழற்றியது என்னிடம் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மீட்டரில் கேட் கெப்பாசிட்டன்ஸ் அளந்தேன். டேட்டா ஷீட்டில் போட்டிருப்பது 4200 பிகோஃபாரட். பழையது அதற்கு மேலேயே காட்டியது. புதியவை அதில் பாதியைக்கூடத் தொடவில்லை. அடுத்து, கேட்டுக்கு 12 வோல்ட் கொடுத்து, டிரெயின் வழியாகச் சரியாக 1 ஆம்பியர் விட்டேன். 1 ஆம்பியரில் எத்தனை வோல்ட் விழுகிறதோ அதுதான் அதன் ஓம்ஸ். ஐஆர்எஃப்பி460-க்கு 0.27 ஓம்ஸ்தான் உச்ச வரம்பு. பழையது அதற்குள் நின்றது. புதியது மூன்று மடங்கைக் காட்டியது. கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். குறைந்த வோல்ட்டில் தாக்குப்பிடித்தவை ஏன் 150-ஐத் தாண்டியதும் செத்தன என்பதற்கு அந்த ஓர் அளவே பதில்.

பஞ்சில் தின்னர் தொட்டுப் புதியதின் முகத்தைத் துடைத்தேன். எண் கரைந்து பஞ்சில் ஒட்டிக்கொண்டது. அச்சு போன இடத்தில் சாய்வெளிச்சம் பட்டபோது ஒரே திசையில் போகும் மெல்லிய கீறல்கள். வேறேதோ எண்ணைத் தேய்த்தெடுத்துவிட்டு அதன் மேல் இதை அடித்திருக்கிறார்கள். செத்த பழையது ஒன்றையும் செத்த புதியது ஒன்றையும் வைஸில் இறுக்கி, கறுப்புப் பிளாஸ்டிக்கை உடைத்துப் பிரித்தேன். பழையதில் சிலிக்கான் சில்லு உலோகத் தகட்டின் நடுப்பகுதியை நிறைத்து உட்கார்ந்திருந்தது. புதியதில் தகடு அதே அளவு, சில்லு அதில் கால்வாசிகூட இல்லை. ஓரத்தில் ஊசிமுனை அளவுக்கு உருகிய பள்ளம். இரண்டையும் ஒரு வெள்ளைத்தாளில் ஒட்டி சர்வீஸ் மேசைக்கு மேலே மாட்டினேன். அங்கே வேலைக்குச் சேரும் பையன்களுக்கு இன்றும் முதல் நாள் அதைத்தான் காட்டுகிறார்கள்.

அசல் மாஸ்ஃபெட்டுகள் வந்து சேர்ந்தபின் 150 மட்டுமல்ல, 200-ஐயும் அமைதியாகத் தாண்டியது. அப்போதுதான் அடுத்த தொல்லை முளைத்தது. பொறி நீண்டு வரும்போதெல்லாம் காயில் திணறும். இரண்டு துணுக்கு வரும், நான்கு காணாமல் போகும். வீட்டு இன்டர்நெட் மோடம் தானாக அணைந்து எழும். வாசலில் காலிங் பெல் முனகும். ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, செகண்டரியின் அடிக்கம்பியை ஒரு ஃபெரைட் வளையத்துக்குள் நுழைத்து எர்த்துக்குக் கொண்டுபோய், அந்த வளையத்திலிருந்தே சிக்னல் எடுத்தேன். பாதி குணமாயிற்று. மீதி நின்றது.

செகண்டரியின் அடிமுனை வீட்டு மூன்றுமுனை சாக்கெட்டின் எர்த்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. காயில் ஓடும்போது பக்கத்து அறைச் சுவிட்ச் போர்டில் எர்த் முனையில் டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். நியான் சிவந்தது. சைபர் வோல்ட்டில் கிடக்க வேண்டிய எர்த், டெஸ்டர் எரியும் அளவுக்குத் துள்ளுகிறது. பொறியாகப் போன கரண்ட் முழுதும் தரை வழியாகத் திரும்பி வந்தாக வேண்டும். வழி கிடைக்காமல் அது வீட்டு ஒயரிங் முழுக்க அலைந்து, என் 555-ஐயும் உலுக்கியிருக்கிறது.

எங்கள் எர்த் குழி வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் இருந்தது. வாஷிங் மெஷின் வந்தபின் அங்கே யாரும் துவைப்பதில்லை, தண்ணீர் போவதில்லை. மூடியைத் திறந்தால் உள்ளே மண் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. காயில் இல்லாவிட்டாலும் அது ஆபத்துதான். அந்த வீட்டில் கீசரும் கிரைண்டரும் அந்த எர்த்தை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தன. குழியைக் கொத்தி, உப்பும் கரியும் புதிதாகப் போட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம். காயிலுக்கென்று தனியாகத் தென்னை மரத்தடி ஈரத்தில் ஒரு ஜிஐ பைப்பை அடித்து இறக்கி, அகலமான செம்புப் பட்டையால் இணைத்து, காயிலையும் மாடியிலிருந்து கீழே தாழ்வாரத்துக்குக் கொண்டுவந்தேன். அதிர்வெண் கூடிய கரண்ட்டுக்கு எர்த் ஒயர் நீளமாக இருந்தால் அதுவே ஒரு காயிலாகிவிடும். மாடியிலிருந்து இறங்கி வரும் கம்பி எவ்வளவு தடிமனாக இருந்தாலும் பயனில்லை.

அதன்பின் காயில் ஓடியது. ஊசி முனையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் கிளை விரித்த ஊதாப் பொறி. தாழ்வார மூலையில் சாத்தி வைத்திருந்த பழைய ட்யூப்லைட் தானாக எரிந்தது. ஃபிலமென்ட் போன ட்யூப்தான் அது. உள்ளிருக்கும் வாயுவைக் காயிலின் மின்புலம் நேராக எழுப்பும்போது ஃபிலமென்ட் தேவைப்படுவதில்லை. 555-இன் திருகைச் சுழற்றி நொடிக்கு 200 துணுக்கில் வைத்தால் பொறியே ஒரு சுரமாக ஒலிக்கும். 300-க்கு ஏற்றினால் அதன் பஞ்சமம். அப்பாரு கட்டிலில் உட்கார்ந்தபடியே ஸ என்றும் ப என்றும் கையால் காட்டினார். பழைய ஆர்மோனியக்காரர் அவர். சுருதி சரியாக இருக்கிறது என்று அவர் சொன்னதும், டிஜிட்டல் மீட்டரில் நான் வைத்த 200-க்கும் 300-க்கும் அதைவிடப் பெரிய சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

இதைக் கட்ட நினைக்கும் பிள்ளைகளுக்குச் சில வார்த்தை. உச்சியிலிருந்து வரும் பொறியைத் தொட்டால் ஷாக் அடிக்காது, ஆகவே ஆபத்தில்லை என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். அது தோலுக்கு உள்ளே வரை சுடும், ஆறவும் நாளாகும். அதைவிட அபாயம் கீழே இருக்கிறது. 230 வோல்ட்டை டிசியாக்கினால் 325 வோல்ட். சுவிட்சை அணைத்தபின்பும் அது கண்டென்சரில் காத்திருக்கும். அதைக் கரைக்க ஒரு ரெசிஸ்டரைக் குறுக்கே நிரந்தரமாகப் போட்டுவிடுங்கள், கை வைக்கும் முன் மீட்டரில் பாருங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இருக்கும் இடத்தில் காயிலை ஓட்டவே கூடாது. பள்ளிக் கண்காட்சிக்கு எடுத்துப் போவதானால் மாணவர்களுக்கும் காயிலுக்கும் நடுவே தடுப்பு இருக்கட்டும், சுவிட்ச் உங்கள் கையில் மட்டும் இருக்கட்டும். மாஸ்ஃபெட் வாங்கினால் போர்டில் ஏற்றும் முன்பே கெப்பாசிட்டன்ஸ் அளந்துவிடுங்கள். ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரும் சீரீஸ் பல்பும் இல்லாமல் ஒருநாளும் தொடங்காதீர்கள். காயில் கட்டாதவர்களும் உங்கள் வீட்டு எர்த் குழியின் மூடியை ஒருமுறை திறந்து பாருங்கள். காய்ந்திருந்தால் இன்றைக்கே தண்ணீர் ஊற்றுங்கள்.